காசு கட்ட முன்னுக்கு கேட்டுக்குங்க: நேர்ஸ், மிட்வைஃப், ஃபார்மசி, கெயார்கிவர் பத்தி மலையகப் புள்ளைங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்துல பொறந்து வளந்தவ, இப்ப கண்டிப் பக்கம் ஒரு அரச ஆஸ்பத்திரியில நேர்ஸ். தீபாவளி, திருவிழான்னு லீவுல ஊருக்குப் போனா வாசல்ல செருப்பக் கழட்ட முந்தியே யாராச்சும் ஒரு அக்கா மகள கையப் புடிச்சி கூட்டிட்டு வந்துருவாங்க, "மிஸ்ஸி, இவளுக்கு ஒரு வழி சொல்லுங்க"ன்னு. வருஷா வருஷம் அதே கேள்விங்கதான். தேத்தண்ணி ஆறுற வரைக்கும் பேசிப் பேசி எனக்கே பதில் மனப்பாடம் ஆயிருச்சி, அதான் எழுதி வச்சிட்டேன்.

டவுன்ல "ஆறு மாசத்துல நேர்ஸ் ஆகலாம்"னு போர்டு போட்டிருக்காங்க. சேரலாமா அக்கா?

நேர்ஸ் ஆகணும்னா வேணாம். நான் சேந்து பாத்தவ, அதனாலதான் இவ்வளவு டக்குனு சொல்றேன்.

ஏ.எல் முதல் தடவ எழுதி ரிசல்ட் சரியா வரல. அந்த நேரம் பாத்து பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு எடத்துல நோட்டீஸ் குடுத்தாங்க, வெள்ளை யூனிபோர்ம் போட்ட புள்ளைங்க படம், "தொழில் உத்தரவாதம்"னு பெரிய எழுத்துல. அம்மா சீட்டுக் காச எடுத்தாங்க, பத்தாததுக்கு காதுத் தோட்ட அடகு வச்சாங்க. ஆறு மாசம் போனேன், பிரஷர் பாக்க, கட்டில் விரிக்க, பேண்டேஜ் சுத்த சொல்லிக் குடுத்தாங்க, அத பொய்யின்னு சொல்ல மாட்டேன். கடைசில ஒரு மேடை போட்டு தங்க முத்திரை வச்ச சேட்டிபிகேட் குடுத்தாங்க. அத தூக்கிட்டு வேலை கேட்டுப் போன எடத்துல அந்த மேட்ரன் அம்மா கேட்டது ஒரே கேள்வி, "உன்னோட கவுன்சில் நம்பர் என்னா?" அப்பிடி ஒண்ணு இருக்குன்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

சேட்டிபிகேட் வேற, பதிவு வேற. சேட்டிபிகேட்ட யாரு வேணும்னாலும் அச்சடிச்சி குடுக்கலாம். பதிவ சட்டத்தால அதிகாரம் உள்ள சபை மட்டுந்தான் குடுக்க ஏலும். அதனால எந்த கோர்ஸ்னாலும் காசு கட்ட முன்னுக்கு ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இத முடிச்சா என் பேரு எந்தச் சபையோட பதிவேட்டுல ஏறும்?" பதில எழுத்துல கேளுங்க. வாயால ஆயிரம் சொல்வாங்க, லெட்டர்ஹெட்ல எழுதச் சொன்னா பேனா எடுக்க மாட்டாங்க.

ஆனா அவங்க "அரசாங்கத்துல பதிவு செய்யப்பட்டது"ன்னு போட்டிருக்காங்களே?

ஆமா, போட்டிருப்பாங்க, பொய்யாவும் இருக்காது. தொழிற்கல்வி நடத்துற இடங்கள மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு, அதாவது டி.வி.ஈ.சி, பதியும், 1990ஆம் ஆண்டு சட்டத்துல வந்த அமைப்பு அது. ஆனா அங்க பதியிறது அந்த நிறுவனத்த, உங்கள நேர்ஸா இல்ல. கடைக்கு லைசன்ஸ் இருக்குன்னா கடையில நிக்கிற எல்லாருக்கும் லைசன்ஸ் இருக்குன்னு ஆகிருமா?

பெரிய பிரைவேட் ஆஸ்பத்திரிகள் சிலது தாங்களே ட்ரெயினிங் குடுத்து தங்ககிட்டயே வேலைக்கும் வச்சிக்குவாங்க. அது நேர்மையான சம்பளம், கொறச்சி சொல்ல ஒண்ணுமில்ல, நாலு காசு சேத்துக்கிட்டே ஏ.எல் திருப்பி எழுதுன புள்ளைங்கள எனக்குத் தெரியும். ஆனா அங்கயும் அதே கேள்வியக் கேளுங்க.

சரி, யாரு யாரப் பதியிறாங்க?

நேர்ஸ்ன்னா இலங்கை தாதியர் சபை, 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம். டொக்டர், பல் டொக்டர், ஃபார்மசிஸ்ட், மிட்வைஃப் எல்லாம் இலங்கை மருத்துவ சபை, எஸ்.எல்.எம்.சி, அது வெள்ளக்காரன் காலத்து 1927ஆம் ஆண்டு மருத்துவக் கட்டளைச் சட்டத்துக்கு கீழ. எக்ஸ்ரே எடுக்கிறவங்க, லேப்ல ரத்தம் டெஸ்ட் பண்றவங்க, பிசியோதெரபி ஆக்களும் எஸ்.எல்.எம்.சிலதான். சித்த, ஆயுர்வேத வைத்தியர்னா ஆயுர்வேத மருத்துவ சபை, 1961ஆம் ஆண்டு சட்டம். கெயார்கிவர்க்கு அப்படி ஒரு சபை இல்ல, அங்க என்.வி.கியூ, அதாவது தேசிய தொழில் தகைமைதான் பேசும், அத கீழ சொல்றேன்.

அரச நர்சிங் ஸ்கூலுக்கு எப்படி எடுக்கிறாங்க? யாரையாச்சும் புடிக்கணுமா?

யாரையும் புடிக்க வேணாம், தலைவர்மாருக்கிட்ட கடிதம் வாங்கவும் அலைய வேணாம். "நான் எடுத்துத் தாரேன்"னு காசு கேட்டா அந்த ஆளு உங்க காசத்தான் எடுப்பாரு.

சுகாதார அமைச்சு விண்ணப்பம் கோரும், அமைச்சோட வெப்சைட்லயும் கெசட்லயும் வரும். கெசட் வெள்ளிக்கிழமைதான் வரும், அதனால வெள்ளிக்கிழமை ராவுல போன்ல ஒரு தடவ பாக்குற பழக்கத்த வச்சிக்குங்க. ஏ.எல்ல மூணு பாடமும் ஒரே தடவையில பாஸ், பெரும்பாலும் விஞ்ஞானப் பிரிவுதான் கேப்பாங்க, போட்டி வந்தா இசட் ஸ்கோர். ஓ.எல்ல மொழி, கணக்கு, விஞ்ஞானம் எல்லாத்துக்கும் என்ன பெறுபேறு வேணும், வயசெல்லை என்ன, உயரம் எவ்வளவுன்னு ஒவ்வொரு அறிவித்தலுலயும் போட்டிருக்கும். போன வருஷத்துத வச்சி "எனக்குக் கெடைக்காது"ன்னு நீங்களே முடிவெடுத்து வீட்டுல குந்திராதீங்க.

ட்ரெயினிங் மூணு வருஷம். நமக்குக் கிட்டன்னா கண்டியிலயும் பதுளையிலயும் ஸ்கூல் இருக்கு, யாழ்ப்பாணம், மட்டக்களப்புலயும் இருக்கு. படிக்கிற காலத்துல மாசா மாசம் ஒரு கொடுப்பனவு கெடைக்கும், காசு கட்டிப் படிக்கிற வேலையே இல்ல. பதிலுக்கு இவ்வளவு காலம் அரச சேவை செய்வேன்னு ஒப்பந்தம் கையெழுத்து வாங்குவாங்க, பிணைக்கு ஆள் கேப்பாங்க, அந்தப் பேப்பர வாசிச்சிட்டு கையெழுத்து வைங்க. முடிஞ்சதும் தாதியர் சபையில பதிவு. என் நம்பர் வந்த அன்னிக்கு நான் அத போன் கான்டாக்ட்ல ஒரு ஆளு பேரு மாதிரி சேவ் பண்ணி வச்சேன், இன்னும் இருக்கு.

யுனிவர்சிட்டியில பண்ணுறதும் இதுவும் ஒண்ணா?

வேலை வார்டுல ஒண்ணுதான், பேப்பர் வேற. யுனிவர்சிட்டியில நாலு வருஷம், பி.எஸ்.சி. நமக்குப் பக்கத்துல பேராதனையில இணை சுகாதார விஞ்ஞான பீடத்துல நர்சிங் மட்டுமில்ல, ஃபார்மசி, லேப், பிசியோதெரபி, ரேடியோகிராபியும் இருக்கு. யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகத்துலயும் நர்சிங் டிகிரி இருக்கு.

நம்ம புள்ளைங்களுக்கு இத ஒருத்தரும் ஒழுங்கா சொல்றதில்ல. பயோ படிச்சா மெடிசின், கெடைக்கலன்னா டீச்சிங், கொட்டகலை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்கு அப்ளிகேஷன் போட வேண்டியதுதான்னு ரெண்டே ரெண்டு பாதையத்தான் காட்டுறாங்க. டீச்சிங் நல்ல தொழில், என் தங்கச்சியே டீச்சர்தான். ஆனா நடுவுல இவ்வளவு இருக்கேன்னு தெரிஞ்சிட்டு முடிவெடுங்க. யுனிவர்சிட்டிக்கு எடுக்கையில 40 வீதம் நாடு முழுக்க திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, மிச்சம் 5 வீதம் கல்வியில பின்தங்கின மாவட்டங்களுக்குன்னு ஒதுக்கீடு இருக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கின பட்டியல்ல இருக்கு. அதனால கொழும்புப் புள்ளையோட ஸ்கோரப் பாத்து பயந்து யு.ஜி.சி போர்ம்ல நர்சிங்க கடைசில போடாதீங்க, போன வருஷம் உங்க மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி எவ்வளவுன்னு பாத்துட்டு வரிசைய நிரப்புங்க.

எங்க ஸ்கூல்ல பயோவே இல்ல, ஆர்ட்ஸ்தான் படிச்சேன்.

இதுக்கு மனச உடைக்காம பதில் சொல்ல எனக்கு இன்னும் தெரியல. உங்க தப்பு இல்ல, தமிழ்ல பயோ படிக்க பக்கத்துல ஸ்கூலும் இல்ல, இருந்தா பாடம் எடுக்க சேர் இல்ல. திருப்பி பயோ எழுத வசதியும் வயசும் இருந்தா எழுதுங்க. இல்லன்னா மிட்வைஃப் அறிவித்தல் வரும்போது தகைமைய நல்லா வாசிங்க, அடுத்தது என்.வி.கியூ பாதை.

மிட்வைஃப் மிஸ்ஸி வேலைக்கு?

பெண் புள்ளைங்களுக்கு மட்டும். மொத்தம் 18 மாசம் ட்ரெயினிங், ஒரு வருஷம் ஆஸ்பத்திரியோட, ஆறு மாசம் வெளிக்களத்துல, அப்புறம் எஸ்.எல்.எம்.சி பதிவு. நேர்ஸ விட கொறஞ்ச வேலைன்னு சில பேர் நெனைக்கிறாங்க, அப்படி நெனைக்கிறவங்க ஒரு நாளைக்கு மழையில கொடையோட மேல் டிவிஷன்ல இருந்து கீழ் டிவிஷனுக்கு குத்தோட்டமா எறங்கி புள்ளத்தாச்சி வீடு வீடா போய்ப் பாக்கட்டும். தமிழ் பேசுற மிட்வைஃப் வந்தா எங்க லயத்துப் பொம்பளைங்க கேக்குற கேள்வியே மாறிரும், புருஷன் முன்னுக்கு கேக்க ஏலாதத அவங்ககிட்ட கேப்பாங்க.

பர்த் சேட்டிபிகேட்ல பேரு ஒரு மாதிரி, ஐடென்டி கார்டுல ஒரு மாதிரி இருக்கு. பிரச்சனை வருமா?

வரும். நம்ம ஆக்களுக்கு மார்க்ஸ விட இதுதான் பெரிய பிரச்சனை.

எப்படி ஆச்சின்னா, அந்தக் காலத்துல புள்ள பொறந்தத தோட்டத்துல சொல்லி, அங்க ஒருத்தரு காதுல விழுந்த மாதிரி எழுதி, பதிவாளரு அத சிங்களத்துல எழுதி, பள்ளிக்கூடத்துல அத இங்கிலீஷ்ல எழுதி, கடைசில "செல்வகுமாரி" மூணு பேப்பர்ல மூணு பொம்பளையா நிக்கும். அப்பா பேர்ல முன்னெழுத்து ஒண்ணு காணாமப் போயிருக்கும். பொறந்த திகதியே வேறயா உள்ள புள்ளைங்களும் இருக்கு. ஓ.எல் பெறுபேறு, ஏ.எல் பெறுபேறு, ஐடென்டி கார்ட், பர்த் சேட்டிபிகேட், பாஸ்போர்ட் அஞ்சிலயும் பேரு ஒரே எழுத்துக்கூட்டலா இருக்கணும். இப்பவே அஞ்சையும் மேசையில வச்சிப் பாருங்க, இன்டர்வியூ கடிதம் வந்த பொறகு ஓடாதீங்க.

திருத்துறது பிரதேச செயலகத்துல, பதிவாளர் பகுதியில. ஜி.எஸ் (கிராம சேவகர்) கடிதம், ஸ்கூல் விடுகைப் பத்திரம், ஞானஸ்நானம் எடுத்திருந்தா அந்தச் சான்றிதழ்னு பழைய அத்தாட்சி என்னா இருக்கோ எல்லாத்தையும் கொண்டு போங்க. ஒரு நாள்ல முடியாது, அம்மா தோட்டத்துல நாலு நாள் வேலைய விட்டுட்டு வர வேண்டியிருக்கும், அதனால போக முந்தி என்னென்ன வேணும்னு ஒரு தடவ போன் பண்ணிக் கேளுங்க. சின்ன எழுத்துக் கோளாறுன்னா ரெண்டு விதமா எழுதின பேரும் ஒரே ஆளோடதுதான்னு ஜே.பி. (சமாதான நீதவான்) முன்னால சத்தியக் கடதாசி குடுத்து சமாளிக்கலாம், ஆனா எல்லா எடத்துலயும் அத ஏத்துக்குவாங்கன்னு நம்பாதீங்க, வெளிநாடு போறப்ப இது திரும்ப வந்து காலப் புடிக்கும்.

போர்ம்ல "வம்சாவளிப் பிரஜையா, பதிவுப் பிரஜையா"ன்னு ஒரு கட்டம் இருக்கும், அதப் பாத்து நெறைய பேர் தடுமாறுறாங்க. தாத்தா பதிவு மூலம் பிரஜாவுரிமை வாங்கினவரா இருக்கலாம், ஆனா நீங்க பொறக்கும்போது அப்பா ஏற்கனவே இலங்கைப் பிரஜைன்னா நீங்க வம்சாவளிதான். அப்பாவே, இந்திய வம்சாவளி ஆக்களுக்குப் பிரஜாவுரிமை குடுத்த 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடதான் பிரஜை ஆனவர்னா அந்தப் பேப்பர்கள எடுத்து பத்திரமா வைங்க, போட்டோ கொப்பி மட்டும் போதாது.

சிங்களம் அவ்வளவா வராது. சமாளிக்க ஏலுமா?

ஏலும். எனக்கு ட்ரெயினிங் போன முதல் மாசம் "பேஹெத்" (மருந்து) தவிர ஒண்ணும் வெளங்கல. கூட இருந்த சிங்களப் புள்ளைங்கதான் சொல்லிக் குடுத்தாங்க, பதிலுக்கு நான் அவங்களுக்குத் தமிழ் சொல்லிக் குடுத்தேன், இன்னிக்கும் நைட் ஷிப்ட்ல ஒருத்தி எனக்கு போன் எடுத்து "மே அம்மா மொனவத கியன்னே" (இந்த அம்மா என்னா சொல்றாங்க)ன்னு கேட்டுட்டு, போன நோயாளிக்கிட்ட குடுப்பா. அரச சேவையில 2007 ஜூலைக்குப் பொறகு சேந்த எல்லாரும் மத்த அரச கரும மொழியிலயும் தேர்ச்சி காட்டணும், அதுக்குப் பரீட்சை இருக்கு, எப்படியும் படிக்கத்தான் வேணும்.

ஆனா மறுபக்கத்தையும் சொல்லணும். ஒரு தடவ ஒரு வயசான ஆயா "நெஞ்சு கரிக்குது"ன்னாங்க, யாரோ அத நெஞ்சு வலின்னு மொழிபெயர்த்துட்டாங்க, ஈ.சி.ஜி, ரத்தம் எல்லாம் எடுத்து ராத்திரி பூரா ஓடினாங்க, காலையில நான் போய்க் கேட்டா சாப்பாடு செமிக்கல. இது பரவால்ல. இதே கத தலைகீழா நடந்தா? கை கால் கொடையுது, தலை கிறுகிறுக்குது, வயிறு பொருமுது, இதெல்லாம் எந்தப் புத்தகத்துலயும் இல்ல. டிக்கோயாவுல இந்திய உதவியில 150 கட்டில் ஆஸ்பத்திரி கட்டி 2017 மே மாசம் மோடி வந்து தெறந்தாரு. கட்டடத்துக்கு காசு எங்கேருந்தும் வரலாம், கட்டில் பக்கத்துல நின்னு "எங்க வலிக்குது ஆயா, கரிக்குதா, குத்துதா"ன்னு கேக்கிறது லயத்துல பொறந்த ஒருத்தியால சுளுவா முடியும்.

ஆம்பளப் புள்ளைங்க நேர்ஸ் ஆகலாமா?

ஆகலாம், இருக்காங்க. அடுத்தது.

ஃபார்மசில ரெண்டு வருஷமா நிக்கிறேன், நான் ஃபார்மசிஸ்ட்தானே அக்கா?

இல்ல தம்பி, நீங்க கவுண்டர்ல நிக்கிறவர். கோவிக்காதீங்க. மருந்துக்கடைக்கு லைசன்ஸ் குடுக்கிறது தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபை, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், அந்த லைசன்ஸுக்கு பதிவான ஃபார்மசிஸ்ட் ஒருத்தரு இருக்கணும். சுவத்துல மாட்டியிருக்கிற சேட்டிபிகேட் அவரோடது. டிகிரி இல்லாமலும் ஒரு வழி இருக்கு, பதிவான ஃபார்மசிஸ்ட் ஒருத்தருக்குக் கீழ முறைப்படி பயிலுனரா பதிஞ்சி, இலங்கை மருத்துவக் கல்லூரிச் சபை நடத்துற பரீட்சைய பாஸ் பண்ணி, எஸ்.எல்.எம்.சிக்குப் போறது. "முறைப்படி பதிஞ்சி"ன்னு சொன்னத ரெண்டு தடவ வாசிங்க. சும்மா நின்ன வருஷம் கணக்குல வராது, அதனால முதலாளிக்கிட்ட இன்னிக்கே கேளுங்க.

கெயார்கிவர் கோர்ஸ் பண்ணா வெளிநாடு போகலாமா?

என்.வி.கியூ வாங்குற கோர்ஸா இருந்தா பண்ணுங்க. சேர முன்னுக்கு டி.வி.ஈ.சி வெப்சைட்ல அந்த நிறுவனம் இருக்கா, அந்த கோர்ஸும் தரச்சான்று பெற்றதான்னு ரெண்டையும் பாருங்க, நிறுவனம் இருந்து கோர்ஸ் இல்லாம இருக்கலாம். கொழும்புல வீடுகள்ல நோயாளி பாத்து வருஷக்கணக்கா அனுபவம் உள்ள அக்காமாருக்கு முழு கோர்ஸும் திரும்பப் படிக்காம, அனுபவத்த மதிப்பிட்டு என்.வி.கியூ குடுக்கிற முறையும் இருக்கு.

ஜப்பானுக்கு இப்ப நெறைய பேர் கேக்குறாங்க. பராமரிப்பு வேலைக்கு அவங்க குறிப்பிட்ட திறன் வீசாவுல ஜப்பான் மொழி என்.4 அளவு, இல்லன்னா அதுக்குச் சமமான ஜே.எஃப்.டி, கூட பராமரிப்புத் திறன் பரீட்சை, பராமரிப்பு ஜப்பான் மொழிப் பரீட்சை, இவ்வளவும் பாஸ் பண்ணணும். கூடினது அஞ்சு வருஷம் இருக்கலாம். மொழிதான் கஷ்டம், ஏஜென்சிக்காரன் மூணு மாசத்துல வரும்னு சொல்வான்.

யூ.கே கெயார் வேலைன்னு யாராச்சும் இப்ப காசு கேட்டா ஓடிருங்க. 2025 ஜூலையோட வெளிநாட்டுல இருந்து புதுசா கெயார் வேர்க்கர எடுக்கிற வீசாவ நிப்பாட்டிட்டாங்க. எந்த நாடுன்னாலும் ஏஜென்சிக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தோட லைசன்ஸ் இருக்கான்னு பாருங்க.

பதிஞ்ச நேர்ஸ்னா நேரா வெளிநாட்டுல வேலை செய்யலாமா?

நேரா ஏலாது, ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வாசல் இருக்கு. டுபாய், கட்டார், சவுதி பக்கம்னா உங்க சேட்டிபிகேட், அனுபவக் கடிதம் எல்லாத்தையும் டேட்டாஃப்ளோன்னு ஒரு கம்பெனி வழியா, அத குடுத்த எடத்துக்கே எழுதிச் சரிபார்ப்பாங்க, பொறகு கம்ப்யூட்டர்ல ப்ரொமெட்ரிக் பரீட்சை. யூ.கேக்கு ஐ.ஈ.எல்.டி.எஸ் இங்கிலீஷ் பரீட்சையில ரீடிங், லிசனிங், ஸ்பீக்கிங் மூணுலயும் 7, ரைட்டிங்ல 6.5, இல்லன்னா ஓ.ஈ.டின்னு இன்னொரு இங்கிலீஷ் பரீட்சை, அப்புறம் கம்ப்யூட்டர் பரீட்சை ஒண்ணு, அங்க போய் செய்முறைப் பரீட்சை ஒண்ணு. அமெரிக்காவுக்கு என்க்லெக்ஸ் பரீட்சை. எல்லா எடத்துலயும் முதல்ல கேக்கிறது உங்க ஊரு சபையோட பதிவு. ஆறு மாசச் சேட்டிபிகேட்ட வச்சி டேட்டாஃப்ளோ போட்டா என்னா பதில் வரும்னு நான் சொல்லத் தேவையில்ல.

வெளிநாட்டுல எம்.பி.பி.எஸ் படிச்சிட்டு வந்தா இங்க டொக்டர் ஆகலாமா?

எஸ்.எல்.எம்.சி நடத்துற ஈ.ஆர்.பி.எம் பரீட்சைய பாஸ் பண்ணணும், பொறகு ஒரு வருஷம் இன்டர்ன், அதுக்குப் பொறகுதான் முழுப் பதிவு. அந்த யுனிவர்சிட்டி எஸ்.எல்.எம்.சி ஏத்துக்கிட்டதா, உங்க ஏ.எல் பெறுபேறு அவங்க கேக்குற அளவுக்கு இருக்கான்னு போக முன்னுக்கு சபையிலயே கேளுங்க, ஏஜென்ட்கிட்ட இல்ல. இருக்கிற காணித் துண்டையும் வித்துட்டுப் போயி, திரும்பி வந்து பரீட்சையோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கிறவங்க இருக்காங்க.

எங்க தோட்டத்து டிஸ்பென்சரில உள்ளவர எல்லாரும் டொக்டர் ஐயான்னுதான் கூப்பிடுறாங்க. அந்த வேலைக்குப் படிக்க ஏலுமா?

அவரு தோட்ட வைத்திய உதவியாளர், எம்.பி.பி.எஸ் டொக்டர் இல்ல. தோட்ட நிர்வாகம்தான் தொழிலாளிக்கு மருந்து பாக்கணும்னு 1912லயே கட்டளைச் சட்டம் வந்திச்சி, அந்தக் காலத்துல இருந்து வர்ற வேலை அது. பழைய தோட்ட ஆஸ்பத்திரிகள்ல கொஞ்சத்த அரசாங்கம் எடுத்துக்கிச்சி. எங்க தோட்டத்து ஐயா ராத்திரி ரெண்டு மணிக்கும் கதவத் தெறப்பாரு, அவருக்கு நான் நன்றிக்கடன் பட்டவ. ஆனா இத நம்பி உங்க படிப்பத் திட்டம் போடாதீங்க, ஆஸ்பத்திரிப் பக்கமே பாருங்க.

ஒருத்தருக்குப் பதிவு இருக்கான்னு நான் எப்படி பாக்கிறது?

டொக்டர்னா எஸ்.எல்.எம்.சி வெப்சைட்ல பேரு போட்டுத் தேடலாம். நேர்ஸ்னா தாதியர் சபையில நம்பரச் சொல்லி விசாரிக்கலாம். கேட்டா யாரும் கோவிக்க மாட்டாங்க. பதிவு இருக்கிறவங்களுக்கு நம்பர் மனப்பாடமா இருக்கும்.

அக்கா, அந்த ஆறு மாசச் சேட்டிபிகேட்ட என்னா பண்ணீங்க?

நான் ஒண்ணும் பண்ணல, அம்மா பண்ணாங்க. ஹட்டனுக்குக் கொண்டு போயி பிரேம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டினாங்க. அது செல்லாதும்மான்னு எத்தனையோ தடவ சொல்லிட்டேன், "காதுத் தோட்ட அடகு வச்சி வாங்கினது, அது பாட்டுக்கு இருக்கட்டும்"னுட்டாங்க. கவுன்சில் பதிவுப் பத்திரம் என்கிட்ட பைல்ல இருக்கு. அதையும் மாட்டலாம்னு கேட்டாங்க, நான்தான் வேணாம்னேன், அந்தச் சுவரு மழைக்காலத்துல ஒழுகும்.